முன்னால் இனிஷியல், பின்னால் இனிஷியல்: போஸ்ட்கிரஸில் எந்த இன்டெக்ஸ் போடுவது?

செங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போஸ்ட்கிரஸ் என்கிற டேட்டாபேஸில் பதிவேடு செய்து கொடுத்தேன். புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் காய்கறி லோடுதான் பெரும்பாலும். நம் பக்கத்து வியாபாரி 'கே.ராஜன்' என்பார், அந்தப் பக்கத்துச் சேட்டன் 'ராஜன் கே' என்பார். பெயரை இங்கிலீஷ் எழுத்தில்தான் வைத்திருக்கிறோம், இரண்டு பக்கத்து ஆட்களும் படிக்க வேண்டுமே. பதிவு பெருகியதும் தேடல் இழுக்க ஆரம்பித்தது, அதுவும் பெயருக்கு இன்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணை, இருந்தும்!

முதலில், தேடும் குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' போட்டுப் பாருங்கள், அது எப்படி ஓடுகிறது என்று காட்டும். 'சீக் ஸ்கேன்' என்று வந்தால் டேபிள் முழுவதையும் படிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து 'ராஜன்%', அதாவது ராஜன் என்று தொடங்கும் பெயர்களைத் தேடும் லைக் தேடல். சும்மா இன்டெக்ஸ் போட்டால் வருவது பி-ட்ரீ; அது டேட்டாபேஸின் மொழி வழக்கப்படி வரிசைப்படுத்தும், லைக்கோ எழுத்தெழுத்தாக ஒப்பிடும், அதனால் சி லொகேல் (மொழி வழக்கு பார்க்காமல் பைட் வரிசைப்படி அடுக்கும் அமைப்பு) இல்லாத இடத்தில் இரண்டும் ஒத்துப்போகாது. இன்டெக்ஸ் போடும்போது நெடுவரிசைப் பெயருக்குப் பக்கத்தில் 'டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ்' சேருங்கள். ஆப்பரேட்டர் கிளாஸ் என்பது இதுதான்: எப்படி ஒப்பிடுவது என்று இன்டெக்ஸுக்குச் சொல்லிக் கொடுப்பது. பெயர் வரிசையில் பட்டியல் எடுப்பவர்கள் பழைய இன்டெக்ஸை அழித்துவிடாதீர்கள், புதியது அதற்கு உதவாது.

சரி, சேட்டன் கிடைத்துவிட்டார். கே.ராஜன்? அவர் பெயர் நடுவில் ஒளிந்திருக்கிறது, '%ராஜன்%' என்று தேட வேண்டும், அதற்குப் பி-ட்ரீ ஆகாது. 'கிரியேட் எக்ஸ்டென்ஷன் பிஜி_டிஆர்ஜிஎம்' கொடுத்துவிட்டு, ஜின் என்கிற இன்னொரு வகை இன்டெக்ஸை 'ஜின்_டிஆர்ஜிஎம்_ஆப்ஸ்' உடன் போடுங்கள். பெயரை மும்மூன்று எழுத்துத் துண்டாக நறுக்கி வைத்துக்கொள்ளும். ராஜனின் ஐந்து இங்கிலீஷ் எழுத்தில் இந்தத் தேடலுக்கு மூன்று துண்டு கிடைக்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காத ஐலைக்குக்கும் வேலை செய்யும். ஆனால் இரண்டே எழுத்தைத் தட்டினால் துண்டே கிடைக்காது, ஆகவே தேடல் பெட்டியில் குறைந்தது மூன்றெழுத்து என்று கட்டாயமாக்கிவிட்டேன். புதுப் பதிவு எழுதுவதும் பி-ட்ரீயைவிட மெதுவாகத்தான் இருக்கும்.

தேதிக்கு பிரின் என்கிற சிறிய வகை இன்டெக்ஸ் போதும். டேபிளின் 128 பக்கத்துக்கு (ஒரு பக்கம் 8 கேபி), அதாவது 1 எம்பிக்கு, ஒரு குறைந்த தேதி, ஒரு கூடிய தேதி மட்டும் குறித்துக்கொள்வதால் இன்டெக்ஸ் துளியூண்டுதான். பதிவுகள் தேதி வரிசையில் விழுந்திருந்தால்தான் பயன். நாங்கள் நடுவில் பழைய பில்களை உட்கார்ந்து ஏற்றினோம், அதோடு அது கெட்டது.

அப்புறம், லோடு ஏறுகிற நேரத்தில் இன்டெக்ஸ் போடுவதாக இருந்தால் 'கான்கரண்ட்லி' சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அது முடியும்வரை ஒரு பில்லும் பதிவாகாது.