முழங்கால் தண்ணிதானே என்று இறங்குமுன்: கசூரினாவில் ஸ்நோர்க்கலிங் செய்வோர் விடும் பிழைகள்

காரைநகர் கசூரினா கடற்கரையில் சவுக்கு மரநிழலை விட்டு இறங்கினால், நெடுந்தூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பளவுதான். அடியில் மணல், அலை பெயருக்குத்தான். பிள்ளைகுட்டிகளோடு யாழ்ப்பாணத்தார் அங்கே கூடுவது அதனால்தான். மாஸ்க் போட்டுக் கடலடி பார்க்கப் போகிறவர்களை ஏமாற்றுவதும் இதே ஆழமின்மைதான்.

பெரிய பிழை, காற்றைப் பாராமல் இறங்குவது. கசூரினா வடக்குப் பார்த்த கரை. மாரியில், ஐப்பசி முதல் தை வரை, வாடைக்காற்று நேரே கரையில் மோதும். மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். மாஸ்க் போட்டும் பயனில்லை. சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலம் இன்னும் கவனம் வேண்டியது. வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் குளம்போலக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் துணிகிறார்கள். காற்றடைத்த ரியூப்பில் மிதக்கும் பிள்ளையையும், தலையைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் உங்களையும் அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குத் தள்ளும். நோகாமல் போன தூரம் முழுவதையும் திரும்பும்போது எதிர்காற்றில் நீந்த வேண்டிவரும். எனவே கரைக்கு நேரே வெளியே போகாமல், நெஞ்சளவு தண்ணீரில் கரையோடு சமாந்தரமாக நீந்துங்கள். ஒரு மரத்தையோ கட்டடத்தையோ குறி வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தலை நிமிர்த்திப் பாருங்கள். காற்றடைத்த ரியூப், மெத்தை எதையும் இந்த மாதங்களில் கொண்டுபோகவே வேண்டாம்.

பங்குனி, சித்திரை நல்ல காலம். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், காற்று எழும்பும் முன் தண்ணீர் தெளிவாக இருக்கும். சித்திரையில் பின்னேரம் இடி முழங்கினால் உடனே கரையேறுங்கள்.

அடுத்தது, கசூரினாவில் முருகைக்கல்லை (பவளப்பாறையை) தேடுவது. இது மணற்கரை. இங்கே பார்க்க வேண்டியது சாதாழைத் (கடற்புல்) திட்டுகள்: அவற்றின் ஓரத்தில் சிறுமீன், நண்டு, நட்சத்திரமீன், அதிர்ஷ்டமிருந்தால் கடலட்டை. நடந்து தேடினால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் மணல் கிளம்பும். இடுப்பளவு போதும், குப்புற மிதந்து, காலை இடுப்பிலிருந்து மெதுவாக அசையுங்கள். முழங்காலை மடித்து உதைத்தால் காலில் மாட்டிய ஃபின்ஸ் (நீந்தும் துடுப்பு) அடியில் பட்டு, பின்னால் வருபவருக்குப் புழுதிதான். கல்லும் பாருமான (கடலடிப் பாறையுள்ள) கரை வேண்டுமென்றால் காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையான பக்கம். அங்கே ஏறி நிற்கக் கூடாது. கல்லென்று நினைப்பதில் உயிருள்ள முருகை இருக்கலாம். ஒரு மிதியே அதைக் கொன்றுவிடலாம், உங்கள் காலும் கிழியும். முருகைக்கல்லை உடைப்பதும் எடுத்துச் செல்வதும் இலங்கையில் சட்டப்படி குற்றம். செத்துக் கிடப்பதையும் விட்டுவிடுங்கள்.

மாஸ்க் விடயத்தில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். வாங்குமுன் பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக் கையை விடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டில் தண்ணீர் கசியும். கொஞ்சம் வாஸ்லின் பூசினால் நிற்கும். கசிகிறதென்று பட்டியை இறுக்குவது பிழை, ஓரம் மடிந்து இன்னும் கசியும். புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசையால் தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை துப்பித் தேய்த்தாலும் புகைமூட்டம் போகாது. மூச்செடுக்கும் குழாய் நீளமானால் நல்லதென்று எண்ணாதீர்கள். விட்ட மூச்சே குழாய்க்குள் தங்கித் திரும்ப உள்ளே வரும், தலை கனக்கும். 40 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

மூச்சுப் பிடித்து முங்குவதற்கு முன் வேகமாகப் பல தடவை மூச்சிழுப்பது மிக ஆபத்தான பழக்கம். மூச்செடுக்கத் தூண்டுவது உடம்பில் சேரும் காபனீரொட்சைட்டு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், ஒட்சிசன் தீர்ந்தும் மூளைக்கு எச்சரிக்கை வராது. நெஞ்சளவுத் தண்ணீரிலும் சத்தமின்றி மயங்கிப்போவார்கள். எனவே எப்போதும் இருவராகப் போங்கள். ஒருவர் முங்கும்போது மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். குடித்துவிட்டு இறங்க வேண்டாம்.

மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில், 45 பாகை செல்சியஸ் அளவான தண்ணீரில், குத்துப்பட்ட காலை 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள், நோவு குறையும். சூட்டை நோகாத மற்றக் காலில் பார்த்துவிட்டு வையுங்கள். தேநீருக்குக் கொண்டுபோகும் சுடுதண்ணிப் போத்தல் இங்கே மருந்து. முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சொறிமீன் பட்டால் பலர் மணலால் தேய்ப்பார்கள், நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். இரண்டும் மிஞ்சியிருக்கும் நச்சுக் கலங்களை வெடிக்க வைக்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சிறுக்கம் என்றால் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

உடுப்பையும் பாருங்கள். சுடிதார்த் துப்பட்டாவும் சாரமும் நனைந்தால் காலைச் சுற்றும். நீளக்கை ரீசேட்டும் இறுகிய காற்சட்டையும் போடுங்கள்; குப்புற மிதப்பவரின் முதுகும் பின்னங்காலும்தான் முதலில் வெயிலில் எரிகின்றன.

தீவகப் பக்கம் போனால், கம்பு நட்டுக் கட்டும் களங்கண்ணி வலைகளும் கடலட்டைப் பண்ணைகளின் வலைவேலிகளும் ஆழமற்ற தண்ணீரில்தான் நிற்கும். கிட்டப் போனால் ஃபின்ஸ் சிக்கும். வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போகும். எஞ்சின் வள்ளங்கள் ஓடும் பாதை எதுவென்று கரையில் நிற்கும் மீன்பிடித் தொழிலாளியிடம் முதலில் கேளுங்கள். ஐயா, அண்ணை என்று கேட்டால் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.