வீட்டிலிருந்து வானொலி: மைக்கிலும் மென்பொருளிலும் காசைக் கரைக்கும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் நிகழ்ச்சியை அனுப்பி, கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அரை மணி நேரம். பேச்சு நன்றாக இருந்தது, இசையும் இடம் பார்த்து வந்தது. ஆனால் அவர் மூச்சு விட நிறுத்திய இடங்களிலெல்லாம் பின்னாலிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். போன் போட்டு என்ன மைக் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார்.

“எவ்வளவு தள்ளி வச்சுப் பேசுறீங்க?”

“ஸ்கிரிப்ட்ட மறைக்குதுண்ணே. கொஞ்சம் தள்ளித்தான் வச்சிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ரக மைக், அதே தூரம், அதே காரணம். பல வருஷங்களுக்கு முன் நான் செய்ததை ஒன்று விடாமல் செய்திருந்தார். பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) மாட்டுங்கள், செல்போனை அணையுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதற்குள் நான் போகவில்லை. எனக்குக் காசும் நாளும் கரைந்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெயரைப் பார்த்து மைக் வாங்குவது

வானொலி ஸ்டுடியோ படம் எதைப் பார்த்தாலும் அறிவிப்பாளர் முன்னால் ஒரு தடித்த கறுப்பு மைக் தொங்கும். ஷூர் எஸ்எம்7பி, எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 போன்றவை. அருமையான மைக்குகள், அதில் சந்தேகமில்லை. எஸ்எம்7 வரிசை 1973-லேயே வந்துவிட்டது. ஆனால் இவை வெளியே தரும் சிக்னல் மிகச் சன்னமானது. எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபல் (ஒலி அளவைச் சொல்லும் அலகு) கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நாம் முதலில் வாங்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிகள்) பலவற்றில் 50-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு எங்கே போவது?

நான் போன வழி இது. மைக் வந்தது. கெயின் குமிழை முடிந்த மட்டும் திருகியும் திரையில் அலைவடிவம் எறும்பு ஊர்ந்த கோடு மாதிரிதான் விழுந்தது. மென்பொருளில் 20 டெசிபல் ஏற்றினேன். குரல் ஏறியது, கூடவே இரைச்சலும் அதே 20 ஏறியது. விசாரித்தால், மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் ஒரு பூஸ்டர் (சிக்னலை முன்கூட்டியே ஏற்றிக் கொடுக்கும் சாதனம்) போடு என்றார்கள். வாங்கினேன். இரைச்சல் கொஞ்சம் அடங்கியதும், அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த கம்ப்யூட்டர் விசிறியும் சுவர் எதிரொலியும் வெளியே வந்தன. சுவரில் ஒட்ட நுரைப்பஞ்சுத் தகடு வாங்கினேன். அதுவும் சரிவராமல் இன்டர்ஃபேஸையே மாற்றினேன். ஒரு மைக் வாங்கப் போய் நாலு சாமான் சேர்ந்தது.

கடைசியில் ஒலிப்பதிவிலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு குமிழையும் தொடவில்லை. மைக் ஸ்டாண்டை என் பக்கம் இழுத்தார். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்து, அந்த இடைவெளியோடு நிறுத்திவிட்டு, “இப்பப் பேசுங்க” என்றார். மீட்டர் துள்ளி ஏறியது.

கணக்கு இதுதான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். நான் 30 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தேன். 15 செ.மீ. ஆக்கினால் 6, அதையும் பாதியாக்கி 7.5 செ.மீ. ஆக்கினால் இன்னொரு 6. ஆக 12 டெசிபல், பைசா செலவில்லாமல். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ விசிறிச் சத்தமோ இதனால் ஏறாது, அவை இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது இரைச்சல், எதிரொலி இரண்டுக்கும் ஒரே மருந்து. பூஸ்டர் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பென்சில் தேட இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதை வாங்கு, இதை வாங்கு என்று சொன்ன ஒருவராவது எவ்வளவு தூரத்தில் பேசுகிறாய் என்று கேட்டிருக்கலாம்.

கிட்டே போனால் வேறு இரண்டு தொல்லைகள் வரும். கார்டியாய்டு மைக்குகளில் (முன்பக்கத்து ஒலியை அதிகமாக எடுப்பவை) அடிக்குரல் தடிக்கும், ‘ப’கரம் வெடிக்கும். வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும். ஸ்கிரிப்ட்டை மைக்குக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்தில், கண் மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியிடமும் இதையே சொன்னேன். மறுநாள் அனுப்பிய பதிவில் உஸ் போயிருந்தது, ‘ப’ மட்டும் பட்டாசாக வெடித்தது. சாய்த்து வைக்க மறந்துவிட்டாராம்.

கண்டன்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும் நுட்பமான ரகம்) வைத்தால் அறை முழுக்க உள்ளே வந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். பாதிதான் உண்மை. அதற்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக் ஒயர் வழியே போகும் மின்சாரம்) கொடுத்தால் போதும், சிக்னல் பலமாக வரும். அந்தத் தைரியத்தில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேசுகிறோம். எதிரொலி வரும் வழி பெரும்பாலும் அதுதான். டைனமிக்கோ (மேலே சொன்ன தடித்த கறுப்பு மைக்குகளின் ரகம்) கண்டன்சரோ, வாங்கும் முன்னால் இரண்டு எண்களைப் பாருங்கள்: மைக்கின் சென்சிடிவிட்டி (ஒரே சத்தத்துக்கு எவ்வளவு சிக்னல் தரும் என்பது), உங்கள் இன்டர்ஃபேஸின் அதிகபட்ச கெயின். எஸ்எம்58 மாதிரி ஒரு சாதாரண மேடை மைக்கே எஸ்எம்7பி-யை விட நாலைந்து டெசிபல் கூடுதலாகத் தரும்.

மென்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பது

வானொலிக்காரனுக்கு வேண்டியது வெட்டுவது, நகர்த்துவது, அளவைச் சமன் செய்வது, பேச்சுக்கு அடியில் இசையைத் தாழ்த்துவது. இவ்வளவுதான். இலவச ஆடாசிட்டியிலேயே இத்தனையும் நடக்கும். ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு பார்க்கத் தருகிறது. ஹிண்டன்பர்க் வானொலிச் செய்தியாளர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. அடோபி ஆடிஷன் பழைய கூல் எடிட்டின் வாரிசு. எதை எடுத்தாலும் பழுதில்லை. நான் ஒரே வருஷத்தில் நாலு மாற்றினேன். ஒன்றிலும் கீபோர்டு ஷார்ட்கட்டுகள் கைக்கு வரவில்லை.

பார்க்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது: அந்த மென்பொருள் உங்கள் வேலையை எங்கே, எப்படிச் சேமிக்கிறது? மார்ச் 2021-ல் 3.0 வரும் வரை ஆடாசிட்டி ஒரு சின்ன ‘ஏயுபி’ கோப்பும், பக்கத்தில் ஒரு ‘டேட்டா’ ஃபோல்டருமாகச் சேமிக்கும். ஒலி முழுக்க இருப்பது ஃபோல்டரில். அந்தச் சின்னக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். திறந்தால் கோப்புகளைக் காணோம் என்று எச்சரிக்கை வந்தது. டிராக்குகள் வரிசையாக நின்றன, உள்ளே நிசப்தம். இப்போது எல்லாம் ஒரே ‘ஏயுபி3’ கோப்பில் இருக்கிறது. ஆனாலும் புது மென்பொருள் எதுவானாலும், ஒரு நிமிடப் பதிவை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்த பிறகுதான் அதில் வேலையைத் தொடங்குகிறேன்.

எம்பி3-யில் பதிவு செய்வது

வேண்டாம். வேவில் (ஒலியைச் சுருக்காத கோப்பு வகை) பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து பதிவது), 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பி கூட ஆகாது. எம்பி3 கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும்.

நாய்ஸ் ரிடக்‌ஷனை நம்பிப் பதிவு செய்வது

மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இது. கொஞ்சம் போட்டால் உதவும். அழுத்திப் போட்டால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். எப்படியானாலும் அசல் கோப்பின் மேலேயே சேமிக்காதீர்கள். ஒரு முழுப் பேட்டியை நான் அப்படித்தான் மூழ்கடித்தேன்.

ஹெட்ஃபோன்

காதை முழுக்க மூடுவது. திறந்த ரகம் போட்டால் இசை மைக்குக்குள் கசியும்.

44.1 கிலோஹெர்ட்ஸையும் 48 கிலோஹெர்ட்ஸையும் கலப்பது

முதல் நாளே ஒன்றை முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் விருந்தினர் குரல் வேகமாகவும் கீச்சென்றும் ஓடும், காரணம் தெரியாமல் மைக்கைத் திட்டுவீர்கள்.