ஏ9 வீதியில் காற்றுக்குக் கொடுக்கும் பெற்றோல்: ஹைபிரிட்காரர் விடும் தவறுகள்

கொழும்பு நெரிசலில் சிக்கனமாக ஓடிய ஹைபிரிட் (பெற்றோல் என்ஜினும் மின் மோட்டரும் சேர்ந்த கார்), ஏ9இல் ஓமந்தை தாண்டி வேகமெடுத்ததும் பெற்றோல் குடிக்கிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. காரில் பிழையில்லை. நகரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஒரு பங்கு சக்தி பற்றரிக்குத் திரும்புகிறது. வன்னியின் நேர் வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நின்றால்தான் பிரேக்குக்கு வேலை. காற்றைப் பிளக்கச் செலவானது திரும்பி வராது.

காற்றின் அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போனவர் 80 ஆக்கினால் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் நாளில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வந்தால் எதிர்காற்றும் சேரும். மீற்றர் 60 காட்டினாலும் காருக்கு அது கூடிய வேகம்தான்.

கூரைக் கரியரைச் சொல்லவே வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பூட்டியது தைப்பொங்கலுக்கும் அங்கேயே இருக்கும். வெறும் கரியரும் காற்றைக் குழப்பும்.

மூக்கு கூராக இருந்தால் போதும் என்பதும் பிழையான எண்ணம். பின்னால் பிரியும் காற்று சுழல, அங்கே அமுக்கம் குறைந்து காரைப் பின்னுக்கு இழுக்கிறது. நான்காம் தலைமுறைப் பிரியஸின் கூரை மெல்லச் சரிந்து சட்டென வெட்டி நிற்பது இதற்காகத்தான். அதன் இழுவைக் குணகம், அதாவது வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், 0.24; குறையக் குறைய நல்லது. அதில் போய்க் கடையில் வாங்கிய ஸ்பொய்லரை (பின்பக்கத் தகட்டை) ஒட்டுகிறோம்!

எனக்கு எரிச்சல் அடிக்கவர் விஷயத்தில்தான். கிரவல் ஒழுங்கையில் உரசிக் கிழிந்ததும், "இது தேவையில்லை அண்ணை" என்று கராச்சில் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். காருக்கடியில் காற்றை வழுவழுவென்று ஓடவிடுவது அந்தத் தட்டு, சேற்றையும் தடுக்கும். உடைந்தது கிளிப் என்றால் கிளிப்பை மட்டும் மாற்றுங்கள்.

கெட்டித்தனம் மிஞ்சியவர்களும் இருக்கிறார்கள். மின்சாரக் காரின் மூடிய முகத்தைப் பார்த்துவிட்டு, ஹைபிரிட்டின் கிரிலை (என்ஜினைக் குளிர்விக்கக் காற்று நுழையும் முன்பக்கத் திறப்பை) மட்டையால் அடைப்பார்கள். மின் மோட்டர் வீணாக்கும் வெப்பம் குறைவு, அதனால் அதற்குச் சரி. ஹைபிரிட்டில் என்ஜினும் இருக்கிறதே! வன்னி வெயிலில் மிச்சம் பிடித்த பெற்றோல் காசு, சூடேறிய என்ஜினைத் திருத்தவே காணாது.

கண்ணாடியை இறக்கி ஏசியை மிச்சம் பிடிப்பது ஊர் ஒழுங்கைக்குள் சரி. ஏ9இல் ஏறியதும் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள்.