பக்கத்து ஏரிக்கு ஒரு காலைப் பயணம்: முதன்முறை பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகும் ஆசிரியருக்கு

களப்பயணம் என்றதும் பேருந்து வாடகை, நுழைவுக் கட்டணம், கட்டுச்சோறு என்றுதான் மனம் ஓடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருடம் 60 பிள்ளைகளோடு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். பாதிப் பேருக்கு வாந்தி. போன இடத்தில் பலகைகளைப் படித்துவிட்டு வரிசையாகத் திரும்பினோம். மறுநாள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பேருந்தில் போட்ட பாட்டைத்தான் சொன்னார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பார்ப்பதற்கென்று நான் அவர்களுக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை.

இப்போது பள்ளியிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் வரும் ஏரிக்குத்தான் போகிறோம். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் எல்லாம் சேர்த்துச் சுமார் 40 ஆயிரம் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்

ஒரு வாரம் முன்னதாக, பிள்ளைகளோடு போகப்போகும் அதே நேரத்தில் போங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏரியில் தண்ணீர் இருக்கும், வலசை வரும் பறவைகளும் இருக்கும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வண்டல் மண் அள்ளிய குழிகளை. தண்ணீர் நிரம்பியதும் அவை கண்ணுக்குத் தெரியாது, முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும். மதகை ஒட்டிய பகுதியும் ஆழமானது. அதனால் ஒரே விதி: யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, கரையோடு சரி. இதில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்றைக்கே மதகைத் திறந்து மூடுகிறவரிடமும் பேசி வையுங்கள். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போகும், ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அடுத்து எந்த ஏரி நிரம்பும் என்று அவர் பத்து நிமிடம் சொல்வதை நம் பாடப்புத்தகத்தால் சொல்ல முடியாது.

2. அனுமதி, துணைக்கு ஆள்

தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கட்டாயம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள அம்மாக்கள் இரண்டு பேரைக் கேட்டால் மகிழ்ச்சியாக வருவார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு குழு, பத்து பேருக்கு ஒரு பெரியவராவது வேண்டும். பையில் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, அட்டையில் செருகிய தாள், பென்சில், மூன்று மீட்டர் கயிறு. அவ்வளவு போதும்.

3. கேள்வியைத் தயார் செய்யுங்கள்

பயணம் நன்றாக அமைவதும் வீணாவதும் இங்கேதான். "என்னென்ன பறவைகள் பார்த்தாய்?" என்று கேட்டால் பிள்ளைகள் பெயரைத் தேடுவார்கள். தெரியாவிட்டால் நம் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே நின்று பார்த்தால் மட்டுமே பதில் கிடைக்கும்படி கேளுங்கள்: நீர்க்காகம் ஏன் இறக்கையை விரித்தபடியே நிற்கிறது? மாட்டின் பின்னாலேயே போகும் கொக்கு எதைக் கொத்துகிறது? நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போது நடுவில் இடைவெளி தெரிகிறதா? குழுவுக்கு ஒரு கேள்வி, அதற்கு மேல் வேண்டாம்.

4. கரையில்

முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. எல்லோரும் உட்கார்ந்து தாளின் நடுவில் ஒரு புள்ளி வைக்கட்டும். அந்தப் புள்ளிதான் "நான்". எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும். தவளை, மோட்டார், மீன்கொத்தி, தூரத்து லாரி எல்லாமே தாளில் வந்துவிடும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளின் தாளில்தான் பெரும்பாலும் அதிகக் குறிகள் இருக்கின்றன.

அப்புறம் குழுக்கள் தங்கள் கேள்வியோடு பிரியலாம். போன வருடம் ஒரு சிறுமி, சேற்று நிறத்தில் குறுகி உட்கார்ந்திருந்த ஒரு பறவையைக் காட்டினாள். நாங்கள் இரண்டடி வைத்ததும் அது எழும்பியது. பறந்தது வெள்ளைவெளேரென்று இருந்தது. "மிஸ், உட்கார்ந்தது ஒரு பறவை, பறந்தது வேற பறவை!" என்று கத்தினாள். நான் பதில் சொல்லவில்லை. அது மறுபடி இறங்கும்வரை காத்திருந்தோம். இறங்கி இறக்கையை மடக்கியதும் வெள்ளை மறைந்து, பழுப்புக் கோடுகள் போட்ட முதுகு மட்டும் தெரிந்தது. நாம் குருட்டுக்கொக்கு என்று சொல்லும் மடையான் அது. பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன். பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். பெயர் கிடைத்ததும் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

பறவை பார்த்து முடித்த குழுவுக்குக் கயிறு வேலை. கயிற்றை வட்டமாகப் போட்டால் சுமார் ஒரு மீட்டர் அகலம் வரும். அதற்குள் எத்தனை வகைப் புல், எத்தனை எறும்புப் புற்று, எத்தனை நத்தை ஓடு என்று எண்ணட்டும். கூடு, முட்டை எதையும் தொடக் கூடாது. கல்லைப் புரட்டுவதாக இருந்தால் பெரியவர் குச்சியால் புரட்டட்டும், அடியில் தேள் இருக்கலாம்.

5. மறுநாள்

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். சுவரில் பெரிய தாளை ஒட்டி, தேதி போட்டு, ஒவ்வொரு குழுவும் பார்த்ததை வரையட்டும். விடை கிடைக்காத கேள்வியும் அந்தத் தாளில் இருக்கட்டும். நீர்க்காகம் இறக்கையை விரித்து நிற்பது காயவைக்கத்தான். அதன் இறகு நனையும், அதனால்தான் எளிதாக முங்க முடிகிறது. இதைப் பிள்ளைகள் தாங்களாக யோசித்த பிறகு சொல்லுங்கள்.

ஆர்வம் வந்த பிள்ளைகளின் வீட்டில், ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்லிவையுங்கள். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே கலந்துகொள்ளலாம்.

அந்தச் சுவர்த்தாளைக் கிழிக்காமல் வைத்திருங்கள். ஏப்ரலில் தண்ணீர் வற்றியதும் அதே இடத்துக்கு மறுபடி போய், கயிற்றை அதே வட்டத்தில் போட்டு, டிசம்பரில் எண்ணியதையெல்லாம் திரும்ப எண்ணச் சொல்லுங்கள்.