வீட்டில் தமிழ் பேசினால் மலாய் கெடாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சில பெற்றோர், பிள்ளைக்கு மலாய் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். தேவையே இல்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரம் பேசுகிற மொழி சீக்கிரம் வந்துவிடும். பாடப் புத்தக மொழி அப்படியல்ல, கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் அதற்கு 5 முதல் 7 வருடம் ஆகும் என்று 1980களிலேயே எழுதிவிட்டார் (அதனால், "நல்லாத்தானே பேசுறான், பரீட்சையில் மட்டும் ஏன் கோட்டை விடுறான்" என்று திட்டாதீர்கள்). நாளைக்குப் பாடம் நீர் ஆவியாவது என்றால், கொடியில் கிடக்கும் ஈர யூனிஃபார்ம் எப்படிக் காய்கிறது, மழை நாளில் ஏன் காய மாட்டேன் என்கிறது என்று இன்றைக்கே தமிழில் பேசிவிடுங்கள். அப்புறம் மலாய்ப் பக்கத்தைத் திறக்கட்டும். விஷயம் தெரிந்திருப்பதால் மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.