டிஸ்கஸ் மீனின் முட்டைகள் வெள்ளையாகிவிடுகின்றனவா?
டிஸ்கஸ் ஜோடி, முட்டையிடுவதற்காகத் தொட்டியில் வைத்த கூம்பில் இட்ட முட்டைகள் மறுநாளே மொத்தமாக வெளுத்தால் பூஞ்சை மருந்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பாருங்கள். கடினமான போர் தண்ணீரில் முட்டை சரியாகக் கருவுறாது. பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் கருவுறாத முட்டையில்தான். ஆர்ஓ தண்ணீர் கலந்து டிடிஎஸ்ஸை 100 அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஒரே நாளில் அல்ல, ஒரு வாரத்தில். பிஎச் 6 முதல் 6.5, வெப்பம் 29 டிகிரி. அதற்குப் பிறகும் வெளுத்தால் ஆண் மீனைச் சந்தேகிக்கலாம். 'ஜோடி' இரண்டுமே பெண்ணாக இருப்பதும் உண்டு!

முட்டை தின்னும் ஜோடியா? கூம்பைச் சுற்றி வாய் எட்டாதபடி பிளாஸ்டிக் வலை மாட்டுங்கள். சுமார் 60 மணி நேரத்தில் பொரியும். இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தும். அதற்குள் வலையை எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அவற்றின் முதல் உணவே பெற்றோரின் தோலில் சுரக்கும் கோழைதான். நீர்மட்டத்தைப் பாதியாகக் குறைத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டரின் காற்றையும் மெல்லியதாக்குங்கள். தொட்டியில் கறுப்புப் பொருள் கூடாது: ஹீட்டரையோ கறுப்பு ஸ்பாஞ்சையோ பெற்றோர் என நினைத்து ஒட்டிக்கொண்டு குஞ்சுகள் பட்டினியில் சாகும். இரவில் மங்கலான விளக்கு எரியட்டும். நீந்தத் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து, புதிதாய்ப் பொரித்த ஆர்டீமியாவை (உப்புநீரில் பொரிக்கும் நுண்ணிய இறால் வகை) உப்புப் போக அலசிக் கொடுக்கலாம்.