பழைய ஜன்னல் கதவிலிருந்து ஒரு சிறு மரப்பெட்டி: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது கம்பி எடைக்கும், செங்கல் லோடு கணக்கிலும் விலை போய்விடும். நல்ல நிலைகளையும் உத்திரங்களையும் பழைய மரக்கடைக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஓரம் உடைந்த ஜன்னல் கதவும், ஒன்றரை அடி மிஞ்சிய அலமாரித் தட்டும் மட்டும் அடுப்புக்குப் போகும். ஒரு சிறு பெட்டிக்கு அந்தத் துண்டுகளே போதும். அவை பல்லாண்டுகள் வெயிலையும் மழைக்காலத்து ஈரத்தையும் பார்த்து, வளைய வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே வளைந்து முடித்தவை. சரியாகக் காயாமல் கடைக்கு வரும் புது மரத்தைவிடத் தொடக்கக்காரரின் கைக்கு அவை அடங்கிப் போகும்.

இங்கே நாம் செய்யப்போவது 200 மி.மீ. நீளமும் 110 மி.மீ. அகலமும் 70 மி.மீ. உயரமும் கொண்ட, தூக்கி எடுக்கும் மூடியுடைய ஒரு பெட்டி. இதற்கு இரும்பு ஆணியோ கீலோ தேவையில்லை. வாள், இழைப்புளி, மூலைமட்டம், சுத்தியல், குறடு, 3 மி.மீ. துளைபோடும் டிரில், உப்புத்தாள், ஃபெவிகால் ஆகியவை இருந்தால் இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இடிபாட்டு மரம் இருந்தால் அதையே எடுங்கள். பரிசாகப் பெறுகிறவருக்கு அந்த மரம் ஏற்கெனவே தெரிந்த மரமாக இருப்பதைவிடப் பெரிய அழகு ஒரு பெட்டிக்கு வேறில்லை. இல்லையென்றால் ஊர்தோறும் உள்ள பழைய மரக்கடைகளில் கேட்கலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கென நகரத்தார்கள் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேக்கு இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைச் சுற்றிக் கைமாறிக்கொண்டிருக்கிறது. வேம்பும் பூவரசும் பலாவும்கூடச் சிறு பெட்டிக்கு நல்ல மரங்களே. கையில் எது கிடைக்கிறதோ அதில் தொடங்குங்கள்.

பலகையைக் கையில் எடுத்ததும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நிறம் அடர்ந்திருக்கும் வைரப்பகுதி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் உறுதியாக இருக்கும். ஓரத்தில் வெளிறியிருக்கும் வெள்ளையைத்தான் உளு என்னும் மரப்புழு முதலில் அரிக்கும். பலகையைத் தரையில் இரண்டு முறை தட்டினால் மாவுபோன்ற தூள் கொட்டுமானால் அந்தப் பகுதியைக் கழித்துவிட வேண்டும். உளுத்த துண்டை மற்ற மரங்களோடு சேர்த்து வைக்கவும் கூடாது.

பெயின்ட் பூசிய பலகையை முதல் பெட்டிக்குத் தவிர்த்துவிடும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தாலோ, சூடுகாட்டி உரித்தாலோ, அந்த ஈயம் வீட்டுக் குழந்தைகளின் மூச்சுக்குள் போகும்.

ஆணி எடுத்தல்

இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். நான் முதன்முதலில் எடுத்த ஜன்னல் பலகையில், கண்ணுக்குத் தெரிந்த ஏழு ஆணிகளையும் பிடுங்கிவிட்டு இழைக்கத் தொடங்கினேன். பள்ளம் அடைக்கும் பட்டி வைத்து மூடியிருந்த எட்டாவது ஆணியின் தலை இழைப்புளியின் அலகில் பிறைவடிவில் ஒரு பல்லைப் பெயர்த்துவிட்டது. அந்த அலகைச் சாணைபிடித்து நேராக்க ஒரு நாள் ஆனது. ஆணி மறைந்திருக்கும் இடத்தை மரம் முன்பே காட்டிக்கொண்டிருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஈரம்பட்ட இரும்பு மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேரும்போது கறுப்பு உண்டாகிறது. ரேகையின், அதாவது மரத்தின் நார் ஓடும் வரிகளின், போக்கில் நீளமாக ஒரு கருங்கறை தெரிந்தால், அதன் நடுவே இரும்பு இருக்கக்கூடும்.

பழுதான ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, பலகையின் இரு பக்கமும் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். காந்தம் இழுக்கும் இடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். ஆணியின் கூர்முனை பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், முதலில் அதை நிமிர்த்தி அங்கிருந்து மெல்லத் தட்டுங்கள். தலை மேலே எழும்பியதும் குறட்டால் பற்றி இழுக்கலாம். குறட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய மரச்சில்லை வைத்துக்கொண்டால் பலகையில் பள்ளம் விழாது. பாதியில் ஒடிந்து உள்ளே தங்கிய ஆணியோடு போராட வேண்டாம். அந்தத் துண்டையே வெட்டிக் கழித்துவிடுவது மேல்.

இழைத்தல்

பெட்டிக்கு 10 மி.மீ. கனமுள்ள பலகை வேண்டும். உங்கள் பலகை 20 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால், கையால் பிளக்க முயலாமல் மரம் அறுக்கும் மில்லில் கொடுத்து இரண்டாகப் பிளந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆணி இல்லாத மரம் என்று நீங்கள் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் அவர்கள் வாளில் விடுவார்கள். ஆகவே அதற்கு முன் காந்தத்தை இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.

இழைக்கும்போது பலகையின் பக்கவாட்டைப் பார்த்து, ரேகை எந்தத் திசையில் மேலேறுகிறதோ அந்தத் திசையிலேயே இழைப்புளியைத் தள்ள வேண்டும். எதிர்த் திசையில் தள்ளினால் மரம் பிய்த்துக்கொண்டு வரும். சரியான திசையில், அலகு மயிரிழையளவே வெளியே நீண்டிருக்கும்போது, சாம்பல் பூத்த மேற்பரப்பு நாலைந்து தள்ளலில் சுருள் சுருளாகக் கழன்று, உள்ளிருந்து தேக்கின் பொன்னிறமும் பதனிட்ட தோலை நினைவூட்டும் மணமும் வெளிப்படும். தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து உண்டு என்பதால் அலகு விரைவில் மழுங்கும். கை அழுத்தம் கூடுவதாகத் தோன்றியதும் நிறுத்திவிட்டுத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பலகையில் கீல் பதித்திருந்த பள்ளமோ, தாழ்ப்பாள் உரசித் தேய்ந்த தடமோ இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் இழைக்காமல் விட்டு, மூடியில் வருமாறு அமைத்துக்கொள்ளலாம். நான் செய்யும் பெட்டிகளில் இப்படி ஒரு தடத்தையாவது விட்டுவைக்காமல் இருப்பதில்லை.

மூக்கையும் வாயையும் மூடும் என்95 முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் வேலையைத் தொடங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995இலேயே சேர்த்துவிட்டது.

அளந்து அறுத்தல்

70 மி.மீ. அகலத்தில் 650 மி.மீ. நீளமுள்ள ஒரே பட்டையிலிருந்து நான்கு பக்கங்களையும் எடுங்கள். நீளப்பக்கம் 200, குறும்பக்கம் 90, மீண்டும் 200, மீண்டும் 90 என்ற வரிசையில் வெட்டி, அதே வரிசையில் 1 முதல் 4 வரை எண்ணிட்டால், ரேகை மூன்று மூலைகளிலும் தொடர்ந்து ஓடி, பெட்டியைச் சுற்றி ஒரே மரம் மடிந்ததுபோல் தோன்றும். குறும்பக்கங்கள் நீளப்பக்கங்களுக்கு நடுவே அமர்வதால்தான் 90 மி.மீ.; உங்கள் பலகையின் கனம் வேறாக இருந்தால், 110இலிருந்து கனத்தின் இருமடங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கோட்டைப் பென்சிலைவிடக் கத்திமுனையால் மூலைமட்டத்தை ஒட்டிக் கீறுவது நல்லது. வாள் பிசிறில்லாமல் இறங்கும். கோட்டுக்கு அரை மி.மீ. வெளியே அறுத்து, மீதியை உப்புத்தாளில் சரிசெய்யுங்கள். ஒரு தரை டைல்ஸின் மேல் 120ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, ஒத்த இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து நிமிர்த்தித் தேய்த்தால், இரண்டும் ஒரே அளவாக வரும். எதிரெதிர்ப் பக்கங்கள் இம்மியும் வேறுபடாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம், 200 மி.மீ. என்பது 199 ஆகிவிட்டால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஒட்டுதல்

தேக்கின் எண்ணெய்ப்பசை ஃபெவிகாலைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால், ஒட்டும் முகங்களைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் பறந்ததும் உடனே ஒட்ட வேண்டும். குறும்பக்கங்களின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், முதலில் மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சோடு பொருத்துங்கள்.

கிளாம்ப் வாங்க வேண்டிய அவசியமில்லை. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து, பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டினால் நான்கு மூலைகளும் ஒரே அழுத்தத்தில் இறுகும். கட்டிய உடனே இரு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். இரண்டும் சமமாக, 228 மி.மீ. அளவில் இருந்தால் பெட்டியின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன. ஒன்று கூடியிருந்தால், அந்த மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்ளங்கைகளால் அழுத்தினால் சரியாகிவிடும். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

வெட்டுமுக ஒட்டு தனியாக நெடுநாள் தாங்காது. மறுநாள் ஒவ்வொரு மூலையிலும் நீளப்பக்கத்தின் வெளிமுகத்தில், ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, மேலிருந்தும் கீழிருந்தும் 15 மி.மீ. தள்ளி, 25 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு துளைகள் இடுங்கள். முற்றிய மூங்கிலைச் சீவி, துளைக்குள் இறுக்கமாக இறங்கும் பருமனில் எட்டு ஆணிகள் செய்து, முனையைச் சற்றுக் கூராக்கி, பசை தொட்டுத் தட்டி இறக்குங்கள். வெளியே நீட்டியிருப்பதை வாளால் அறுத்துத் தேய்த்துவிட்டால், தேக்கின் மேல் எட்டு வெளிர்ப் புள்ளிகள் தெரியும். இரும்பைப்போல் இவை துருப்பிடிப்பதுமில்லை, மரத்தைக் கறுக்க வைப்பதுமில்லை.

அடிப்பலகையும் மூடியும்

மிச்சமான மரத்திலிருந்து 8 மி.மீ. சதுரச் சட்டங்கள் சீவி, 180 மி.மீ.யில் இரண்டும் 74 மி.மீ.யில் இரண்டுமாகப் பெட்டியின் உட்புற அடியோரத்தில் சுற்றிலும் ஒட்டுங்கள். 178க்கு 88 மி.மீ. அளவுள்ள அடிப்பலகையை மேலிருந்து அந்தச் சட்டங்களின்மேல் உட்கார வைத்தால் போதும். அதை ஒட்டவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை அகலவாக்கில் விரியும். பங்குனி, சித்திரையில் சுருங்கும். ஒட்டிப் பூட்டிவிட்டால் பலகையாவது வெடிக்கும், மூலையாவது விடும்.

மூடி 204க்கு 114 மி.மீ.; நான்கு பக்கமும் 2 மி.மீ. வெளியே நீண்டு, விரலுக்குப் பிடி தரும். அதன் அடிமுகத்தில் 179 மி.மீ. நீளமுள்ள இரண்டு சட்டங்களை, எல்லா விளிம்பிலிருந்தும் 12.5 மி.மீ. தள்ளி, பலகையின் ரேகை ஓடும் திசையிலேயே ஒட்டுங்கள். ரேகைக்குக் குறுக்கே ஒட்டினால், மேலே சொன்ன அதே காரணத்தால் மூடி வளைந்துவிடும்.

மெருகு

120, 180, 240 என்ற வரிசையில் உப்புத்தாளை ரேகையின் போக்கிலேயே தேய்த்து, தூளைத் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் காய்ந்து இறுகும் தன்மையுடையவை அல்ல. தடவினால் பிசுக்குப் பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும். 20 கிராம் அரக்குச் சில்லை (ஷெல்லாக்) 200 மி.லி. ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்துக் கரைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியை உருட்டி அதில் தோய்த்து, அடிப்பலகையின் அடிப்பக்கம் தவிர உள்ளும் புறமும் மெல்லிய பூச்சாக, அரைமணி நேர இடைவெளியில் மூன்று முறை தடவுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. மழை நாளில் இதைச் செய்தால் மேற்பரப்பு வெள்ளை பூத்துவிடும். வெயில் வரும்வரை காத்திருங்கள். கடைசியாகச் சிறிது தேன்மெழுகைத் தடவித் துணியால் தேய்த்தால் கைக்கு இதமான மங்கிய பளபளப்பு வரும்.

இனி அடிப்பலகையை ஒருமுறை வெளியே எடுத்துவிடுங்கள். அதன் அடிப்பக்கத்தை மட்டும் மெருகிடாமல் விட்டிருந்தால் பென்சில் நன்றாகப் பதியும்: எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டின் எந்த ஜன்னல், வீடு எந்த ஆண்டு இடிந்தது என்று எழுதி, மீண்டும் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள்.